பிடிலோடு ஆறு நாள்: எட்டயபுரம் முதல் தஞ்சாவூர் வரை

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. கால் வீக்கம் இப்போதுதான் வடிந்தது. தென்னாட்டில் வயலின் கால் ஊன்றிய இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. பெரியம்மா மகள், என் அக்கா, துணைக்கு வந்தாள். என் வயலினையும் எடுத்துக்கொண்டேன். அந்தக் கருவியை நம் இசைக்குப் பழக்கிய பாலுசாமி தீட்சிதரையும் வடிவேலுவையும் தேடித்தான் கிளம்பினேன். ஆனால் மனசில் இன்னமும் ஒலிப்பது ஹரிப்பாட்டில் கேட்ட ஒற்றைத் தந்தி. அன்றன்று எழுதி வைத்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நாள் வாரியாகப் போடுகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய் – எட்டயபுரம்

கோவில்பட்டியில் இறங்கும்போதே தூறல். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ பன்னிரண்டு ரூபாய். பக்கத்துக் கடையில் கடலை மிட்டாய் கால் கிலோ வாங்கினோம். கரிசல் மண் நனைந்து கறுப்பாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் எட்டயபுரம்.

இந்த ஊர் என்றதும் எல்லோரும் பாரதி வீட்டுக்குத்தான் வழி சொல்கிறார்கள். நாங்கள் தீட்சிதர் நினைவிடத்தைக் கேட்டோம். பூக்கடைப் பெண் கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தெரு முனை வரைக்கும் கூட வந்து கை காட்டினார். பூ வாங்கவும் வற்புறுத்தவில்லை. நாங்களாகத்தான் இரண்டு முழம் வாங்கினோம்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் இந்த ஊரில்தான் மறைந்தார். அவரை இந்த ஊரோடு இணைத்தவர் தம்பி பாலுசாமி தீட்சிதர். நான் தேடி வந்தது அந்தத் தம்பியை. திருவாரூர்க் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், முதலியார் ஆதரவில் குடியிருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். இன்றைக்குக் குழந்தைகள் முதல் வருடத்தில் கற்கும் நோட்டுஸ்வரங்கள் அப்படி வந்தவை. தம்பிக்கோ அவர்களுடைய வயலினே வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் மூன்று வருடம் கற்றுக்கொண்டு, நம் ராகங்களை அதில் வாசித்துப் பழகினார். 1824இல் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டதும் இதே ஊரில்தான். அவர் எழுதி வைத்திராவிட்டால் மணலிக் கதையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

நினைவிடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என் பெட்டியைப் பார்த்ததும், "பிடிலாம்மா?" என்றார். வயலின் என்று சொல்லவில்லை. கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. தரை ஈரமாக இருந்ததால் உள்ளே போய் ஒரு சாக்கு கொண்டுவந்து விரித்தார். "வாசிங்க, கேக்கேன்" என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

'சந்ததம் பாஹிமாம்' வாசித்தேன். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு அது. ராஜா பெயர் இருந்த இடத்தில் தீட்சிதர் அம்பாளை வைத்தார். அப்புறம் பூர்விகல்யாணியில் 'மீனாக்ஷி மே முதம்' மெதுவாக எடுத்தேன். தீட்சிதரின் கடைசி வேளையில் சிஷ்யர்கள் பாடியதாகச் சொல்லும் கிருதி. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. வலது கணுக்கால் மேல் வயலினின் தலையைச் சாத்தி, மறு முனையைத் தோளுக்கும் மார்புக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு வாசிக்கும்போது ஒன்று தோன்றியது. நின்றபடி தாடையில் இடுக்கி வாசித்த கருவியை நம்மவர்கள் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். கருவியின் எடையைக் காலும் தோளும் வாங்கிக்கொண்டதால் இடது கை விடுதலையானது. அந்த விடுதலை இல்லாமல் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை இழைத்து அசைக்க முடியுமா?

பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். கடலை மிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 13, புதன் – நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம்

நாள் முழுக்க மழை, நாள் முழுக்கப் பயணம். நாகர்கோவிலில் மதியச் சாப்பாடு நூற்று இருபது ரூபாய், அதில் அவியல் பிரமாதம். திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை அருகே அறை. இரவு பெட்டியைத் திறந்து பார்த்தால் தந்தியை முறுக்கும் பிரடைகள் ஈரத்தில் ஊதி இறுகியிருந்தன. வில்லின் மயிரும் தொய்ந்திருந்தது. துடைத்து வைத்துவிட்டுத் தூங்கினேன்.

நவம்பர் 14, வியாழன் – குதிரை மாளிகை

காலையில் புட்டும் கடலைக் கறியும். அக்காவுக்குப் புட்டு தொண்டையில் நிற்கிறது. கடைக்காரர் கேட்காமலே ஒரு பழம் கொண்டுவந்து, "பிசைஞ்ஞு கழிக்கணும்" என்று தாமே பிசைந்து காட்டினார்.

பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி இருக்கும் குதிரை மாளிகை திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் கட்டியது. கூரையைத் தாங்கும் மரக் குதிரைகள் நூற்று இருபத்திரண்டு என்றார் வழிகாட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் தரை கண்ணாடி மாதிரி குளிர்கிறது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து இழைத்த தரையாம். ராஜா உட்கார்ந்து கீர்த்தனை எழுதியதாகச் சொல்லும் அறையிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் நேரே தெரிகிறது.

வடிவேலுவைப் பற்றிக் கேட்டேன். வழிகாட்டி நின்று, "தஞ்சாவூர் வடிவேலு" என்று ஊரைச் சேர்த்துத் திருப்பிச் சொன்னார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரில் கடைக்குட்டி. 1810இல் பிறந்தவர். நால்வரும் முத்துசாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். பரதநாட்டியம் இன்றைக்கு மேடையில் வரும் வரிசை அவர்கள் அமைத்தது. வடிவேலு பிடிலிலும் தேர்ந்து, சுவாதித் திருநாள் சபைக்கு வந்து சேர்ந்தார். 1834இல் ராஜா அவருக்கு யானைத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். அப்போது ராஜாவுக்கு இருபத்தொரு வயது, வடிவேலுவுக்கு இருபத்து நான்கு. ராஜா முப்பத்து மூன்றில் போனார். வடிவேலுவும் நாற்பதைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது இருவரையும் தாடி வைத்த பெரியவர்களாகவே கற்பனை செய்திருந்தேன். அந்த முற்றத்தில் நின்று கணக்குப் போட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஒரு புதுக் கருவி கையில் கிடைத்த இரண்டு இளைஞர்கள் அவர்கள்.

வீணை இருந்த ஊரில் பிடில் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வீணையில் மீட்டியதும் ஒலி பிறந்து தேய்கிறது. வில்லோ, பாடகரின் மூச்சு இருக்கும் வரை கூடவே இழுத்துக்கொண்டு போகும். விரல் பலகையில் வீணையைப் போல மெட்டுக்கட்டைகள் கிடையாது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் விரல் நிற்கலாம். மேல்நாட்டார் நாலு தந்தியையும் ஒன்றுக்கொன்று பஞ்சமம் தள்ளி ஏற்றிக்கொண்டே போவார்கள். நாம் ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தோம். அவ்வளவுதான், கருவி நம்முடையதாகிவிட்டது.

மாலையில் போளியும் பால்பாயசமும். இலையில் போளியைக் கிழித்துப் போட்டுப் பாயசத்தை மேலே ஊற்றித் தருகிறார்கள். மழையில் நடந்த அலுப்பு அதோடு போயிற்று.

நவம்பர் 15, வெள்ளி – ஹரிப்பாடு

உண்மையில் இந்த ஊர் திட்டத்திலேயே இல்லை. மண்ணாறசாலா நாகராஜா கோயிலுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று அக்கா சொன்னதால் போனோம். ரயிலில் இரண்டரை மணி நேரம்.

கோயில் ஒரு காட்டுக்குள் இருக்கிறது. காவு என்கிறார்கள். மரங்கள் வானத்தை மூடியிருக்க, வழி நெடுக வரிசை வரிசையாக நாகக் கற்கள், மேலே பாசி, மஞ்சள் பொடி. இங்கே பூசையில் முதல் உரிமை ஒரு பெண்ணுக்கு. அவரை அம்மா என்று அழைக்கிறார்கள். குழந்தை வேண்டி வருபவர்கள் உருளி என்ற பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அக்கா வரிசையில் நின்றாள். நான் வெளியே மரத்தடிக்கு வந்தேன்.

அங்கேதான் அந்த ஒலி கேட்டது. கரகரவென்று, தொண்டை கட்டியவர் பாடுவது போல.

புள்ளுவர் தம்பதி தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையில் புள்ளுவன் வீணை. பெயர்தான் வீணை, வாசிப்பது வில்லால். தோல் போர்த்திய ஒரு கிண்ணம், ஒரு தண்டு, ஒரே ஒரு தந்தி. மனைவியிடம் புள்ளுவன் குடம், தோல் கட்டிய மண்பானையிலிருந்து இழுத்த தந்தியைத் தட்டி எழுப்பும் தாளம். சர்ப்பக் காவுகளில் நாகங்களுக்காகப் பாடுவது இவர்கள் குலத்தொழில். குழந்தைகளுக்குப் பிறர் சொல்லால், கண்ணால் வரும் தோஷம் நீங்கவும் பாடுவார்கள்.

நான் முன்னால் உட்கார்ந்ததும் அந்த அம்மா, "பேரு?" என்றார். சொன்னேன். "நாளு?" என்றார். "புதன்கிழமை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைத் தொட்டு, "நட்சத்திரம், மோளே" என்றார். அப்போதுதான் உறைத்தது. நாள் என்றால் நட்சத்திரம். நம் பழைய தமிழிலும் அதே பொருள்தான். நாள்மீன் என்றுதானே சொன்னோம். நாம் மறந்ததை அவர்கள் தினமும் நூறு தடவை சொல்கிறார்கள். "ரோகிணி" என்றேன்.

பாட்டுக்குள் என் பெயரும் ரோகிணியும் வந்தன. நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றும் மெட்டு. வில் குரலை விட்டு ஒரு கணம்கூட விலகவில்லை. பாடகர் எங்கே போனாலும் நிழலாகப் போவதைத்தான் இருபது வருடமாக எனக்குப் பக்கவாத்தியம் என்று கற்றுக்கொடுத்தார்கள். அது அந்த மரத்தடியில் ஒற்றைத் தந்தியில் நடந்துகொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டுக்கு இது ஜாஸ்தி" என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா பெயர், அக்கா பெயர், என் மகன் பெயர், ஒவ்வொருவருக்கும் நாள் கேட்டு முழுதாகப் பாடினார். பின்னால் நின்றவர்களும் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள்.

கூட்டம் குறைந்ததும் என் பெட்டியைக் காட்டினார். திறந்தேன். தன் வில்லை என் கையில் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கிப் பார்த்தார். அவருடையது உண்மையான வில்லைப் போல வெளிப்புறம் வளைந்தது. என்னுடையது மயிரை நோக்கி உள்ளே குழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பாரிஸில் துர்த் என்ற கைவினைஞர் நிலைப்படுத்திய வடிவம் அது. நல்ல இழுவிசை கிடைக்கும், நுனி வரை ஒரே சீராக ஒலி வரும். அவர் அதை விரலில் வைத்து எடை பார்த்து, "நல்ல சமநிலை" என்றார். அப்பா காலத்தில் உடும்புத் தோல் போர்த்தினார்களாம், இப்போது சட்டம் விடாது. தந்தியையும் ஒரு கொடியின் நாரைத் திரித்துச் செய்தார்களாம்.

நான் ஒரு சின்ன ஆலாபனை வாசித்தேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "இது யாருக்கு வேண்டிப் பாடறது?" என்றார்.

"கேக்கறவங்க எல்லாருக்கும்" என்றேன். சரி என்பது போலத் தலையசைத்தார். எனக்குத்தான் பதில் போதவில்லை.

அனுமதி கேட்டுப் பாட்டை மொபைலில் நாற்பது விநாடி பதிவு செய்துகொண்டேன். மதியம் கப்பையும் மீன் கறியும், இளஞ்சிவப்பாகப் பதிமுகத் தண்ணீர், இரண்டு பேருக்கு இருநூற்று அறுபது ரூபாய். ருசி கவனத்தில் இல்லை.

நவம்பர் 16, சனி – தென்மலையில் மூன்று மணி நேரம்

கார்த்திகை முதல் நாள். எங்கே பார்த்தாலும் மாலை போட்ட சாமிகள். கொல்லத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்து ஏறினோம். மலை ஏற ஏற மழை வலுத்தது. தென்மலை தாண்டி மரம் விழுந்து கிடக்கிறது என்று வண்டி நின்றுவிட்டது. உட்கார்ந்தே இருந்தோம். பெட்டியை மேல்தட்டில் வைத்திருந்தேன். கூரை ஒழுகியிருக்கிறது. கவனித்தபோது பெட்டியின் மூடி நனைந்து, உள்ளே மெத்தை வரை ஈரம். முன் சீட்டில் இருந்த கன்னிச்சாமி ஒருவர், பதினைந்து வயது இருக்கும், இருமுடிக்கு மேல் போர்த்தியிருந்த தன் துண்டை எடுத்து நீட்டினான். வேண்டாம் என்றேன். "வாத்தியம் நனையக் கூடாதுக்கா" என்றான்.

இருட்டில் அக்கா கேட்டாள்: "அப்போ நம்ம நாட்டுல வில் ஏற்கெனவே இருந்திருக்கு. பிடில் வந்துதான் சொல்லிக்கொடுத்ததுன்னு இல்ல?"

இல்லை. ராஜஸ்தானில் போபாக்கள் என்ற கதைப்பாடகர்கள், பாபுஜி என்ற நாட்டார் தெய்வத்தின் கதை தீட்டிய திரைக்கு முன்னால் ராவணஹத்தா என்ற வில் கருவியை வாசிக்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டையில் தோல், வில்லில் சலங்கை, பாட்டும் தாளமும் ஒரே கையில். ஜெய்சல்மேர் பக்கம் மாங்கணியார் என்ற இசைக் குலத்தாரின் கமாய்ச்சா, வட்டமான பெரிய தோல் முகம், நரம்புத் தந்தி. மணிப்பூரில் லாய் ஹரோபா திருவிழாவில் பேனா என்ற வில் கருவி ஒலிக்காமல் தெய்வம் எழுந்தருளாது. சந்தால் மக்களிடம் ஒரே மரத்தில் குடைந்த பானம் என்ற வில் கருவி. வடக்கே சாரங்கி, அதை ராம் நாராயண் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். அதில் தந்தியை விரல் நுனியால் அழுத்துவதில்லை, நகத்தின் பக்கத்தால் ஒட்டி நிறுத்துவார்கள்.

இத்தனை வில்கள் இருந்தும் நம் சபை மேடைக்குக் கப்பலில் வந்த வில்லுக்குத்தான் இடம் கிடைத்தது. காவில் உட்கார்ந்து பாடிய வில்லை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கருவியின் குணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஒற்றைத் தந்தியில் மூன்று ஸ்தாயி வாசிக்க முடியாது. ஆனால் வாசித்தவர் யார், எங்கே உட்காரலாம் என்பதும் காரணம். இதை நான் இத்தனை வருடம் யோசித்ததே இல்லை என்பதுதான் அன்றிரவு எனக்கு வலித்தது.

வழி திறந்தபோது ஒன்பது மணி. தென்காசியில் புரோட்டா, சால்னா. விடியும்போது மதுரை, அங்கிருந்து தஞ்சாவூர்.

நவம்பர் 17, ஞாயிறு – தஞ்சாவூர்

அறையில் பெட்டியைத் திறந்தேன். வயலினின் அடிப்பலகை ஓரத்தில் மூன்று விரல் நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. அழுதுவிட்டேன். அக்கா கீழே போய் விசாரித்துவிட்டு வந்து, "கெளம்பு, வீணை செய்யறவர் ஒருத்தர் இருக்காராம்" என்றாள்.

வீட்டு முன்தாழ்வாரமே பட்டறை. பலா மரத்தின் வாசனை தெருவிலேயே வந்தது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை ஒன்று பாதி வேலையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அவர் எழுந்து வந்து வயலினை வாங்கிக்கொண்டார். முட்டியால் சுற்றிலும் தட்டி, காதை வைத்துக் கேட்டார். விட்ட இடத்தில் மட்டும் ஒலி சொத்தையாக வந்தது. "வஜ்ஜிரம்தான் எளகியிருக்கு. மரத்துக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

வஜ்ஜிரப் பசையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக் காய்ச்சினார். ஏன் இப்போது வரும் பசையைப் போடக்கூடாது என்று கேட்டேன். "இது ஈரத்துல விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காத பசைன்னா பலகை வெடிச்சிருக்கும்" என்றார். பலா இந்த ஊர் மழைக்குப் பழகியது, இது குளிர்தேசத்து மரம், கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும் என்றும் சொன்னார். மெல்லிய தகட்டால் பசையை உள்ளே செலுத்தி, பருத்தி நாடாவால் இறுக்கிச் சுற்றினார். முந்நூறு ரூபாய். இரண்டு நாள் தந்தி ஏற்றக் கூடாது.

மாலையில் மேல வீதிக்குப் போனோம், நால்வர் வாழ்ந்த தெரு. அந்தத் தந்த வயலின் அவர்கள் சந்ததியிடம் இருப்பதாகச் சொல்வார்கள். ஞாயிறு மாலையில் ஒரு வீட்டின் கதவைத் தட்ட மனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். இரண்டாம் சரபோஜி மேல்நாட்டு பேண்டு ஒன்றை அரண்மனையில் வைத்திருந்த ஊர் இது. இந்தத் தெருப் பையன் ஒருவனுக்கு அந்த ஒலி காதில் விழாமல் இருந்திருக்குமா? டிகிரி காபி இருபத்தைந்து ரூபாய். அசோகா அல்வா அரை கிலோ வாங்கி, பாதியை வீணைக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு ரயிலேறினோம்.

இன்றைக்குக் காலையில் நாடாவை அவிழ்த்துத் தந்தி ஏற்றினேன். ஒட்டு தெரியவே இல்லை. வழக்கமாக ஒரு சுருதிப்பெட்டிதான் எனக்கு ஆதாரம். இன்று மொபைலில் அந்த நாற்பது விநாடியை ஓடவிட்டேன். புள்ளுவரின் தந்தி என் சுருதியைவிட அரைக்கட்டைக்கும் அதிகமாகத் தாழ்ந்திருந்தது. பிரடையைத் திருப்பி, என் ஷட்ஜத்தை அங்கே இறக்கி வைத்திருக்கிறேன்.